ப்ளோயர் வைத்த வண்டியின் முதல் ஓட்டம்

என் கணவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன், ஆகவே இங்கே எழுதுவதை யாரும் புறம்பேசுவதாக நினைக்க வேண்டாம். சர்க்யூட் போர்டில் அவர் கெட்டிக்காரர். ஆபீஸில் அவருக்கு நல்ல பெயர். ஆனால் ஒரு நட்டைக் கழற்றச் சொன்னால் எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்டவர்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, கலிபோர்னியாவின் மில்பிடாஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜுக்கு ஒரு பழைய அமெரிக்க வண்டியை டோ டிரக்கில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். அறுபத்தெட்டாம் வருட மாடல். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு. மஸில் கார் என்பார்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவனை வம்புக்கு இழுப்பதற்கென்றே செய்த வண்டி. பச்சை பெயின்ட் வெளிறிப் போயிருந்தது. பின் சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திய அடையாளம் இருந்தது.

"இதுக்கு சூப்பர்சார்ஜர் வெக்கப் போறோம்," என்றார்.

"யாரு வெக்கப் போறாங்க?"

"நாமதான்."

அந்த 'நாம' யார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கோயம்புத்தூரில் என் அப்பாவுக்கு பம்ப்செட் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் டீசல் கையோடுதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பிறகு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். மில்பிடாஸில் கம்ப்யூட்டருக்கு டிஸ்க் டிரைவ் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு அளவு பார்க்கும் வேலை. தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிகளை அளப்பதுதான் என் பிழைப்பு. இவை எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வண்டியை வாங்கியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

வாங்கிய காரணமும் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், எங்களுக்கு முன்பே அமெரிக்கா வந்து நியூ ஜெர்சியில் காலூன்றியவர். தம்பி என்ன படிக்க வேண்டும், எந்த ஊரில் வேலை பார்க்க வேண்டும், யாரைக் கட்ட வேண்டும் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவைதான். ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தால் என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவார். நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிறவருக்கு நீங்கள் நிற்பது எப்படித் தெரியும் என்று கேட்டால் கோபம் வரும். அந்த அண்ணன் முந்தைய வருடம் வந்தபோது எங்கள் சின்ன ஜப்பான் காரைச் சுற்றி வந்து பார்த்து, "என்னடா, ஆட்டோவுக்கு நாலாவது சக்கரம் மாட்டின மாதிரி இருக்கு," என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்த வண்டி.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நான் செஞ்சு தர்றேன். ஆனா ஒண்ணு. இது ரோட்டுல எறங்குற அன்னிக்கு மொதல்ல ஓட்டறது நான். எல்லாரும் எனக்கு அப்புறம்தான். சரின்னா சொல்லுங்க. இல்லைன்னா நீங்களே பண்ணிக்குங்க."

"அவ்வளவுதானே? ஓகே."

"சத்தியமா?"

"என்ன சின்னக் குழந்தை மாதிரி. சத்தியமா."

எனக்கு அது சின்னக் குழந்தை விஷயமில்லை. அப்பாவின் பட்டறையில் நான் எத்தனையோ இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். ஆனால் கடைசியில் ஹேண்டில் போட்டுச் சுற்றுவது பம்ப்செட்டுக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர். தண்ணீர் கொட்டியதும் எல்லோரும் தோளில் தட்டுவது என் அப்பாவை. கல்லூரி லேபில் பையன்கள் இன்ஜினை ஓட்டுவார்கள், நான் ஓரத்தில் நின்று ரீடிங் எழுதுவேன். நான் கைவைத்த ஓர் இன்ஜினைக்கூட நானே ஓட்டிப் பார்த்ததில்லை. இந்த ஒன்றையாவது ஓட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை, அதற்கு மேல் எதுவும் நான் கேட்கவில்லை.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: சாதாரண இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே மூச்சிழுத்துக்கொள்ளும். இதை வைத்தால், சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஊட்டுவதுபோல, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். திணித்த காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலும் போக வேண்டும். குறைந்தால் உள்ளே சூடு ஏறி பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். பிளக்கில் பொறி தட்டும் நேரத்தையும் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும், அதற்குப் பெயர் டைமிங். கொண்டுவந்து மாட்டுவது பாதி வேலை. ட்யூன் செய்வதுதான் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில்தான் ஆட்கள் மானம் போகும்.

எங்களுக்குக் கிடைத்தது ஏதோ ஒரு பழைய டீசல் பஸ் இன்ஜினிலிருந்து கழற்றியது. ஸான் ஹோஸே பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினோம். அந்த வட்டாரத்து ஆட்கள் இதை ப்ளோயர் என்றுதான் சொல்வார்கள். ட்ரங்குப் பெட்டிபோல கனத்த அலுமினியப் பெட்டி. உள்ளே முறுக்கிய இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று ஒட்டி, ஆனால் உரசாமல் சுழல வேண்டும். இன்ஜினின் தலைமேல் அதை உட்கார வைத்து, அதன் தலைமேல் இரண்டு கார்புரேட்டர்களை உட்கார வைத்து, முன்னால் ஒரு அகலமான பெல்ட் போட்டால், முழுவதும் பானெட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

வசந்த காலம் முழுக்க, கோடை முழுக்க, ஆபீஸ் விட்டு வந்து சமையலை முடித்து நான் கராஜில்தான் கிடந்தேன். ரோட்டர் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத்தகடு வைத்துப் பார்த்தேன், இடையில் கொடுக்கும் ஷிம் தகடுகளை மாற்றினேன், மறுபடி பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கார் பத்திரிகை படித்துக் காட்டுவார். பெல்ட் ஓடும் புல்லியைச் சின்னதாகப் போட்டால் ப்ளோயர் வேகமாகச் சுற்றும், பவர் கூடும் என்று அதில் படம் போட்டிருந்தது.

"சின்ன புல்லி போடு," என்றார்.

"இந்த இன்ஜினுக்குத் தாங்காதுங்க. உள்ள இருக்கற பிஸ்டன் அதுக்குத் தகுந்தது இல்ல."

"மேகஸீன்ல எக்ஸ்பர்ட் எழுதியிருக்கான்."

"அந்த எக்ஸ்பர்ட்டைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் பேச்சு இல்லை. உப்புப் போதவில்லை என்றால்கூட எழுந்து போய் அவரே போட்டுக்கொண்டார். நான் பெரிய புல்லியைத்தான் மாட்டினேன். அவர் முழுக்க முழுக்கத் தன் கையால் செய்தது ஒன்றே ஒன்று, ப்ளோயர் வெளியே வர பானெட்டில் வெட்டிய ஓட்டை. அது கோணல்.

வார இறுதியில் தமிழ்க் குடும்பங்கள் யார் வீட்டிலாவது கூடும். எங்கள் வீட்டு முறை வந்தால் ஆண்கள் தட்டை எடுத்துக்கொண்டு நேராக கராஜுக்குப் போய்விடுவார்கள். நான் பஜ்ஜி எடுத்துக்கொண்டு போவேன். என் கணவர் அவர்களிடம், "ரோட்டர் கிளியரன்ஸ்தாம்ப்பா ட்ரிக்கி. அதை மட்டும் மூணு தடவை அட்ஜஸ்ட் பண்ணேன்," என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் அங்கேயே நிற்கும்போது. ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஹெல்ப் பண்றீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, லைட் பிடிக்கறேன்," என்றேன். அதை அவர் நம்பினார். என் கணவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செப்டம்பரில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. ப்ளோயர் வைத்த இன்ஜின் சும்மா நிற்கும்போதே ஒரு ஊளைச் சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை. கராஜில் நிறுத்தி வைத்தே டைமிங்கை ஓரளவு பிடித்துவிட்டேன். ஆனால் பெட்ரோல் சரியாகப் போகிறதா என்பது நின்ற இடத்தில் தெரியாது. ரோட்டில், மேட்டில், காலை அழுத்தி ஓட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கருப்பாக இருந்தால் அதிகம். காபித்தூளும் பாலும் சேர்ந்த நிறம் வர வேண்டும்.

"இந்த வாரம் எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

"பூஜை போடாம வண்டி ரோட்டுல எறங்கக் கூடாது. அடுத்த மாசம் ஆயுத பூஜை வருது. அண்ணா வர்றார்."

அண்ணா வருகிறார் என்ற பிறகு என்ன பேச முடியும்? காத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு அந்தக் கூட்டம் முழுவதும் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் இருந்தது. வெண்பூசணி கிடைக்காததால் ஹாலோவீனுக்கு விற்கும் ஆரஞ்சுப் பூசணி வாங்கி வந்திருந்தார்கள். மெட்ராஸ் காலண்டரில் போட்டிருந்த நல்ல நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதா, கலிபோர்னியாவுக்குக் கணக்குப் போட்டு மாற்றுவதா என்று என் மூத்தாரும் இன்னொருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். இரண்டு பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். மூத்தார் ஒரு பெரிய கம்பெனியில் வால்வுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். கடைசியில் அவர் கணக்குத்தான் நின்றது, அவர் குரல் பெரியது.

நான் கார்புரேட்டர்களின் வாயை ஒரு எவர்சில்வர் தட்டு போட்டு மூடி வைத்திருந்தேன். காற்று வடிகட்டி இன்னும் மாட்டவில்லை. எது உள்ளே விழுந்தாலும் நேரே கீழே போகும். நான் உள்ளே கற்பூரம் எடுக்கப் போன நேரத்தில் என் கணவர் தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறதாம்.

நான் திரும்பி வந்தபோது வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, யார் வீட்டுத் தோட்டத்திலோ பறித்த சாமந்தியில் மாலை போட்டு, சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை மேல் சாவி இருந்தது. என் கணவர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி அண்ணனிடம் நீட்டினார்.

"அண்ணா, நீங்கதான் மொதல்ல ஓட்டணும்."

கூட்டம் இருக்கிறதே என்று நான் பார்க்கவில்லை. "என்னங்க, மொதல்ல நான்னுதானே பேச்சு?" என்றேன்.

"அப்புறம் பேசிக்கலாம். பெரியவர் இருக்கும்போது... நல்ல நேரம் போயிடும்," என்றார், என்னைப் பார்க்காமல்.

மூத்தார் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். "எல்லாரும் அட்சதை போடுங்க," என்றார். எல்லோரும் போட்டார்கள். மஞ்சள் தடவிய அரிசி, கைநிறைய. பானெட்டின் மேல் விழுந்தது, கண்ணாடியில் விழுந்தது. அப்போதுதான் தட்டு இல்லாததைப் பார்த்தேன். திறந்து கிடந்த கார்புரேட்டர்களுக்குள் அரிசி போவதையும் பார்த்தேன்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க!" என்று கத்தினேன். "மாமா, நிறுத்துங்க! உள்ள அரிசி விழுந்திருக்கு, ஸ்டார்ட் பண்ணாதீங்க!"

பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ அக்கா, நல்ல நேரத்துல 'பண்ணாதே'ன்னு சொல்லக் கூடாது." இன்னொருத்தி, "நல்லதையே சொல்லுங்க," என்றாள். மூத்தார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அபசகுனமா பேசாதம்மா," என்றார். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாயை மூடு," என்றார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் இன்ஜினியர்கள். அரிசி எங்கே விழுந்தது என்று ஒருவராவது எட்டிப் பார்க்கவில்லை. நான் சொன்ன வார்த்தை நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை.

மூத்தார் ஸ்டார்ட் செய்தார். ஊளைச் சத்தம் கேட்டதும் கூட்டம் கைதட்டியது. அவர் கிளட்சை மிதித்து ரிவர்ஸ் கியர் போட்டு, கைதட்டலுக்குப் பதில் சொல்வதுபோல ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு காலை எடுத்தார். சத்தம் இறங்கவில்லை. காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு அரிசியில் சிக்கித் திறந்தபடியே நின்றுவிட்டது. இன்ஜின் கதறியது. அவருக்கு வருடக்கணக்காக கிளட்ச் இல்லாத ஆட்டோமேடிக் ஓட்டிய கால். பயத்தில் கிளட்சிலிருந்து எடுத்துவிட்டார்.

வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. தெருவைக் கடந்து, எதிர் வீட்டு மெயில் பாக்ஸைச் சாய்த்து, அவர்கள் புல்தரையில் ஏறி, மரத்தில் இடித்து நின்றது. நல்லவேளை தெருவில் யாரும் இல்லை. அவர் இரண்டு காலாலும் எல்லாப் பெடலையும் மிதித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். இன்ஜின் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவர் மார்புக்குக் குறுக்கே எட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அவருக்குக் காயம் ஒன்றுமில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஐஸ் வைத்துக்கொண்டதால் கொஞ்ச நேரம் அவரால் பேச முடியவில்லை. அந்தப் பூஜையில் எனக்குக் கிடைத்த பிரசாதம் அதுதான்.

விருந்தாளிகள் சர்க்கரைப் பொங்கலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கலைந்தார்கள். வண்டியை ஆட்களை வைத்துத் தள்ளி கராஜில் ஏற்றினோம். நான் பண்டிகைப் புடவையோடேயே கார்புரேட்டரைக் கழற்றினேன். தகட்டின் ஓரத்தில் மஞ்சள் அரிசி கவ்வியபடி இருந்தது. மீதி கீழே ப்ளோயருக்குள் போய், ரோட்டர்களில் கீறல் போட்டிருந்தது. நான் மாதக்கணக்கில் அளந்து அளந்து வைத்த ரோட்டர்கள். ஓர் அரிசியை ட்வீஸரில் பிடித்துக்கொண்டு போய், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த மூத்தார் முன்னால் வைத்தேன்.

"மாமா, இதுதான் காரணம்."

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அரிசி மங்கலமான பொருள்மா," என்றார், ஐஸை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு. "அது கெடுதல் பண்ணாது. நீ சொன்ன வார்த்தைதான் பண்ணிச்சு."

வால்வு ஆராய்ச்சியாளர் சொன்னார். என் கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை.

மூத்தார் ஊருக்குக் கிளம்பியதும் என் கணவர், "அண்ணாவுக்கு போன் பண்ணி ஒரு ஸாரி சொல்லிடு," என்றார்.

"எதுக்கு ஸாரி?"

"பெரியவர் மனசு கஷ்டப்பட்டிருக்கார்."

"சத்தியம் பண்ணிட்டு மாத்தினது நீங்க. தட்டை எடுத்தது நீங்க. இடிச்சது அவரு. நான் எதுக்குங்க ஸாரி சொல்லணும்?"

"அப்போ சாவியை மறந்துடு. ராசியில்லாத வண்டி. வித்துடலாம்."

சாவியை அவர் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டார். ஆபீஸுக்கும் அதோடு போனார். நான் ஸாரி சொல்லவில்லை. ஆனால் வண்டியைச் சரிசெய்தேன். விற்பதற்காக இல்லை, அந்த நிலையில் அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ரோட்டர் கீறல்களை மென்மையான உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்தேன், இடைவெளியை மறுபடி வைத்தேன், நசுங்கிய பம்பரைத் தட்டி நேராக்கினேன். பானெட் ஓட்டை கோணலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பேப்பரில் விளம்பரம் போட்டும் யாரும் வரவில்லை என்றால் வண்டி இங்கேதான் நிற்கும், அவர் எத்தனை நாள் சாவியைக் கட்டிக்கொண்டு அலைவார் என்று எனக்குள் ஒரு நப்பாசை.

ஆனால் ஒருவர் வந்தார். கில்ராயிலிருந்து வந்த அமெரிக்கர், நரைத்த மீசை, அதிகம் பேசாதவர். குனிந்து, நிமிர்ந்து, படுத்துக்கூடப் பார்த்தார். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, இந்த வண்டியை நன்றாகத் தெரிந்தவர் யாராவது முதலில் ஓட்டிக் காட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்றார்.

என் கணவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். எதிர் வீட்டில் புதிதாக நட்டிருந்த மெயில் பாக்ஸைப் பார்த்தார். "மை வொய்ஃப் வில் டிரைவ்," என்றார் அவரிடம். என்னிடம் தமிழில், "எனக்கு இடுப்பு வலிக்குது. நீ போயிட்டு வா. ஜாஸ்தி வித்தை காட்டாதே," என்றார்.

அப்படித்தான் சாவி என் கைக்கு வந்தது. சத்தியம் பண்ணியவர் கொடுக்கவில்லை, பயந்தவர் கொடுத்தார். எதுவானால் என்ன, வாங்கிக்கொண்டேன். டூல் பெட்டியைப் பின் சீட்டில் வைத்தேன்.

நகரத்துக்குக் கிழக்கே மலைப்பக்கம் ஏறும் ரோடு ஒன்று உண்டு. அதில் திருப்பினேன். ஸ்டியரிங் கனமாக இருந்தது, சீட் எனக்கு ரொம்பத் தாழ்வு, கழுத்தை நீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். சமமான ரோட்டில் வண்டி வெண்ணெய்போல ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மேடு தொடங்கியதும் காலை அழுத்தினேன்.

வண்டி தயங்கியது. ஒரு கணம் முன்னால் இழுத்தது, மறுகணம் மூச்சுத் திணறியதுபோல விட்டுவிட்டு இழுத்தது. இன்ஜினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல நாக்கிங் சத்தம். உடனே காலை எடுத்தேன். பெட்ரோல் போதவில்லை. ரோட்டில் ஓட்டாமல் இதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். முகத்தில் இருந்த ஆர்வம் வடிந்துவிட்டது. மரியாதைக்காரர், நல்ல வண்டிதான், யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கு எல்லா ஊரிலும் அர்த்தம் ஒன்றுதான்.

நான் செய்ய வேண்டியது அங்கே ஒன்றுமே இல்லை. வண்டியைத் திருப்பி, தயங்கத் தயங்க ஓட்டி வீடு வந்து சேர்ந்தால் போதும். அவர் போய்விடுவார். இந்தப் பக்கத்து ஆட்களுக்குள் செய்தி பரவும், வேறு யாரும் வரமாட்டார்கள். வண்டி என்னோடு இருக்கும். பிறகு சாவகாசமாக நானே ட்யூன் செய்துகொண்டு, நானே ஓட்டிக்கொண்டு இருப்பேன். இதெல்லாம் எனக்கு அப்போதே, அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்த மனிதர், இதைச் செய்தவர் அரைகுறை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

"கொஞ்ச நேரம் கொடுங்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கையுறை போட்டு ஒரு பிளக்கைக் கழற்றினேன். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதை அவரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக. இன்ஜின் ஆறும்வரை இருவரும் வேலி ஓரமாக நின்றோம், மாடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு. பிறகு கார்புரேட்டரைத் திறந்தேன். பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு, ஜெட் என்பது. பெரிய துளை உள்ள ஜெட்டுகளை ஒரு பிலிம் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். கழற்றிய திருகுகளை அவர் தன் தொப்பியில் வாங்கிக்கொண்டார். முழங்கை வரை எனக்குப் பெட்ரோல் வழிந்தது. ஜெட்டை மாற்றி, டைமிங்கை இன்னும் ஒரு இழை பின்தள்ளி, மூடினேன்.

மறுபடி அதே மேடு. காலை அழுத்தினேன். இந்தத் தடவை தயக்கம் இல்லை, தட்டல் இல்லை. ப்ளோயரின் ஊளை ஏற ஏற முதுகு சீட்டோடு ஒட்டியது, மேடு என்பதே மறந்துபோனது. நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. உச்சியில் நிறுத்தி ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பாலும் காபியும் கலந்த நிறம், நூலிழை பிசகில்லை.

"யார் செய்தது இது?" என்று கேட்டார்.

"நான்," என்றேன். அந்த நாட்டிலும் சரி, வேறு எந்த நாட்டிலும் சரி, அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் என்னைக் கேட்டதில்லை.

இறங்கும்போது அவர் முடிவு செய்துவிட்டார். பேரம்கூடப் பேசவில்லை. அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தெரு முனை திரும்பும்வரை ஊளை கேட்டது, பிறகு கேட்கவில்லை. நான் டிரைவ்வேயில் உட்கார்ந்து அழுதேன். துக்கமா ஆத்திரமா என்றால், ஆத்திரம்தான் அதிகம். முக்கால்வாசி என் கணவர்மேல், கால்வாசி என்மேல்.

உள்ளே போனபோது அவர் போனில் இருந்தார். நின்றுகொண்டு.

"ஆமாண்ணா, வித்தாச்சு. வந்தவன் அப்படியே அசந்து போயிட்டான்... ஆமா, லாஸ்ட் மினிட்ல நான்தான் கொஞ்சம் ட்யூன் பண்ணினேன்."

நான் அவரைத் தாண்டிச் சமையலறைக்குப் போனேன். கையைக் கழுவவில்லை. மாவு பிசைந்து சப்பாத்தி போட்டேன். அவர் வந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னது, பெட்ரோல் நாத்தம் அடிக்குது?"

"நீங்கதானே ட்யூன் பண்ணீங்க," என்றேன். "உங்க கையா இருக்கும். சாப்பிடுங்க."